ஓசியில் படித்த கதையை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை இரவு நமக்கு எட்டரை மணி ஆகும்போது டோக்கியோவில் திங்கட்கிழமை பிறந்துவிடுகிறது. விடுமுறை விடாத வாரமாக இருந்தால், அந்த நிமிடமே ‘ஒன் பீஸ்’ என்ற மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரின் புதிய அத்தியாயம் ஷூயெய்ஷா பதிப்பகத்தின் ‘மங்கா பிளஸ்’ செயலியில் ஆங்கிலத்தில் திறந்துகொள்ளும். ஒரு பைசா கட்ட வேண்டாம். படித்து முடிக்கப் பத்து நிமிடம் தாராளம். அதே அத்தியாயம் முன்னும் பின்னும் வந்த ஒன்பது பத்து அத்தியாயங்களோடு சேர்ந்து, பல மாதம் கழித்து ஆங்கிலப் புத்தகமாகக் கடைக்கு வரும். முடிவு தெரிந்த கதைதான். இருந்தும் வாங்குகிறார்கள். பிரான்சில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் மங்கா புத்தகங்கள் விற்றன. அமெரிக்காவில் அடுத்த ஆண்டு 2 கோடியே 80 லட்சத்தைத் தாண்டியது.

இலவசமாகக் கிடைக்கும் சரக்கு, விலை போட்ட சரக்கைக் கொன்றுவிடும் என்பது வியாபாரத்தில் பொதுவாக எல்லோரும் நம்புவது. இசைத்தட்டு அப்படித்தான் போனது, வார இதழ்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. மொழிபெயர்ப்பு மங்கா மட்டும் ஏன் வேறு திசையில் போகிறது? விடை ஜப்பானிலேயே இருந்தது. வெளிநாட்டுப் பதிப்பாளர்களுக்கு அதைக் கண்டுகொள்ள முப்பது ஆண்டு ஆனது என்பதுதான் வேடிக்கை.

ஜப்பானில் மங்கா பெரும்பாலும் நேராகப் புத்தகமாக வருவதில்லை. முதலில் வார இதழிலோ மாத இதழிலோ தொடராக வரும். 1968இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ இதழைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம்மூர் டெலிபோன் டைரக்டரி ஞாபகம் வரும். தடிமன் அப்படி. தாள் சொரசொரவென்று சாணித்தாள். உள்ளே சுமார் இருபது தொடர்கள், ஒவ்வொன்றும் பத்தொன்பது இருபது பக்கம். விலை இன்றைக்கும் 300 யென் அளவில்தான். ரயிலில் படித்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். 1995இன் தொடக்கத்தில் அதன் ஒரே இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சானது. அந்த உச்சம் பிறகு திரும்பவில்லை.

இதழோடு ஒரு அஞ்சலட்டையும் இருக்கும். எந்தத் தொடர் பிடித்தது என்று வாசகர்கள் அதில் எழுதி அனுப்புவார்கள். வாக்கு குறைந்த தொடரை இருபது வாரத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். எழுதுகிறவருக்கு ஈவிரக்கமில்லாத ஏற்பாடு இது. பதிப்பகத்துக்கோ கைக்காசு போடாமல் கிடைக்கிற சந்தை ஆய்வு. தப்பிப் பிழைக்கும் தொடர்களின் அத்தியாயங்களைச் சேர்த்து, நல்ல தாளில், சட்டைப்பைக்கு அடங்குகிற அளவில், இருநூறு பக்கப் புத்தகமாகப் போடுவார்கள். அதற்குத்தான் ‘வால்யூம்’ என்று பெயர். பணம் அங்கேதான். இதழ் பசியைக் கிளப்பும், புத்தகம் அலமாரியில் நிற்கும். படித்துத் தூக்கிப் போட்ட கதையையே மறுபடி காசு கொடுத்து வாங்குவது ஜப்பானிய வாசகனுக்கு அன்றாடப் பழக்கம்.

வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் இந்த ஏற்பாட்டின் பின்பாதியை மட்டும் விலைக்கு வாங்கிப் போனார்கள். முன்பாதி அங்கேயே நின்றுவிட்டது.

அதற்கும் முன்னால் அவர்கள் செய்தது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் முதலில் வந்தவற்றுள் ஒன்று ‘பேர்ஃபுட் ஜென்’. ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பிய கெய்ஜி நகஸவா வரைந்த அந்தக் கதையை, 1970களில் டோக்கியோவில் கூடிய தன்னார்வலர்கள் ஊதியம் வாங்காமல் மொழிபெயர்த்தார்கள். வணிகம் என்று பார்த்தால் 1987தான் தொடக்கம். முந்தைய ஆண்டு செய்ஜி ஹொரிபுச்சி, ஷோகாகுகன் பதிப்பகத்தின் துணையோடு சான் பிரான்சிஸ்கோவில் விஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். எக்லிப்ஸ் காமிக்ஸுடன் சேர்ந்து விஸ் மூன்று தொடர்களை இறக்கியது. அதே ஆண்டு ஃபர்ஸ்ட் காமிக்ஸ் ‘லோன் உல்ஃப் அண்ட் கப்’ தொடரை ஃபிராங்க் மில்லர் வரைந்த அட்டைகளோடு வெளியிட்டது. 1988இல் மார்வலின் எபிக் பிரிவு கட்ஸுஹிரோ ஒட்டோமோவின் ‘அகிரா’வை எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஸ்டீவ் ஆலிஃப் கணினியில் வண்ணம் பூசினார்.

இவை எல்லாமே அமெரிக்க காமிக்ஸ் வடிவத்துக்குள் திணிக்கப்பட்டவை. மெல்லிய மாத இதழ், காமிக்ஸ் கடையில் மட்டும் விற்பனை. கடைக்காரர் எடுத்த பிரதி விற்காவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது என்பது அந்தக் கடைகளின் விதி. அதனால் துணிந்து எடுக்க மாட்டார். ஜப்பானிய மங்காவின் நடையோ நிதானமானது. ஒரு வாள்வீச்சுக்கு நாலு பக்கம் எடுத்துக்கொள்ளும். மாதம் ஒரு துண்டு என்று நறுக்கினால் பல இதழ்களில் ஒன்றும் நடந்திருக்காது. ‘அகிரா’ 38 இதழ்களில் முடிய 1995 ஆகிவிட்டது. ‘லோன் உல்ஃப்’ பாதியிலேயே நின்றது. முழுக் கதையும் 28 சின்னப் புத்தகங்களாக ஆங்கிலத்தில் வந்தது 2000க்குப் பிறகு, டார்க் ஹார்ஸ் வழியாக.

இன்னொரு கூத்து, படத்தைத் திருப்புவது. ஜப்பானியப் பக்கம் வலமிருந்து இடம் ஓடும். அமெரிக்க வாசகன் குழம்பிவிடுவான் என்று ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி அச்சடித்தார்கள். விளைவு, சாமுராய்கள் எல்லோரும் இடதுகைக்காரர்கள் ஆனார்கள். கிமோனோவின் வலது மடிப்பு மேலே ஏறியது. ஜப்பானில் பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். ஓவியர்கள் பொருமினார்கள். அகிரா தொரியாமா ‘டிராகன் பால்’ தொடரைத் திருப்பக் கூடாது என்று நின்றதால், 1998இல் விஸ் அதை மூல வாக்கிலேயே போட்டது.

இந்தத் தலைவலியை ஒரேயடியாக ஒழித்தது டோக்கியோபாப். ஸ்டூ லெவி 1997இல் மிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2002இல், இனி எதையும் திருப்பப் போவதில்லை, எல்லாம் ஜப்பானிய வடிவத்திலேயே வரும், விலை 9 டாலர் 99 சென்ட் என்று அறிவித்தார்கள். மூல வடிவத்துக்கு மரியாதை என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் திருப்பாததால் செலவும் நேரமும் மிச்சம். அதுவரை 16 டாலர் பக்கம் இருந்த புத்தகத்தின் விலை பத்துக்குள் இறங்கியதே அதனால்தான். புத்தகத்தைப் பழக்கதோஷத்தில் இடப்பக்கமிருந்து திறந்தால் ஒரு எச்சரிக்கைப் பக்கம் வரவேற்கும்: நில், இது கடைசிப் பக்கம், மறுமுனைக்குப் போ. கூடவே கட்டங்களை எந்த வரிசையில் படிப்பது என்று எண் போட்ட ஒரு சின்னப் படம். அவ்வளவுதான். பதினைந்து ஆண்டு பதிப்பாளர்கள் பயந்த பயத்துக்கு ஒரு பக்க அறிவிப்பு போதுமானதாக இருந்தது.

அதைவிட முக்கியமானது, டோக்கியோபாப் போய் நின்ற இடம். காமிக்ஸ் கடையை விட்டுவிட்டு பார்டர்ஸ், வால்டன்புக்ஸ் போன்ற பெரிய புத்தகக் கடைகளுக்குப் போனார்கள். அங்கே விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பலாம். கடைக்காரருக்குப் பயமில்லை என்பதால் அலமாரி அலமாரியாக நிறைத்தார். காமிக்ஸ் கடை வாசலை மிதிக்கவே கூசிய பெண்பிள்ளைகள் மால்களில் இருந்த இந்தக் கடைகளுக்கு வந்தார்கள். ‘செய்லர் மூன்’, ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ போன்ற தொடர்கள் அவர்களால்தான் ஓடின. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நாலு வால்யூமை ஓசியில் முடித்துவிட்டு ஐந்தாவதை வாங்கிப் போகிற கூட்டத்தைக் கடைகளும் விரட்டவில்லை. ஜப்பானில் வார இதழ் செய்த வேலையின் ஒரு பகுதியை அந்தத் தரை செய்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

மீதிப் பகுதியை ரசிகர்கள் செய்தார்கள், உரிமம் இல்லாமல்.

2000 வாக்கில் இணையத்தில் பரவிய ஸ்கேன்லேஷன் குழுக்களைத் திருடர்கள் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. ஒருவர் ஜப்பானிய இதழை வாங்கி ஸ்கேன் செய்வார். அந்தச் சரக்கின் பெயர் ‘ரா’. மொழிபெயர்ப்பவர் ஒருவர், ஜப்பானிய எழுத்துகளை அழித்துப் படத்தைச் சுத்தம் செய்பவர் ஒருவர், ஆங்கிலத்தைப் பொருத்தும் டைப்செட்டர் ஒருவர், பிழை பார்ப்பவர் ஒருவர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பதிப்பகம் உரிமம் வாங்கிவிட்டால் நாம் நிறுத்திவிட வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்றைக்கூட முதலில் பல குழுக்கள் கடைப்பிடித்தன. தங்களை விளம்பரக் குழுவாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். ஓரளவு உண்மையும் அதுவே. பிறகு இந்தக் குழுக்களின் உழைப்பை வாரிச் சுருட்டி ஒரே இடத்தில் கொட்டி, பக்கத்தைச் சுற்றிலும் விளம்பரம் போட்டுப் பணம் பார்க்கும் தளங்கள் வந்தன. எழுதாத சட்டம் அத்தோடு காற்றில் போயிற்று.

வாசகனுக்கும் வசதி தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ‘நருட்டோ’ பதினைந்தாம் வால்யூமில் நின்றபோது ஜப்பானில் கதை எங்கேயோ போயிருந்தது. விஸ் 2007 செப்டம்பரிலிருந்து நாலு மாதம், மாதத்துக்கு மூன்று வால்யூமாகப் பன்னிரண்டைக் கொட்டியது. 2010இன் முதல் பாதியில் ‘ஒன் பீஸ்’ மாதத்துக்கு ஐந்து வீதம் முப்பது வால்யூம். ஒரே தொடருக்கு மாதம் ஐம்பது டாலர் எடுத்துவைக்கிற பதினாலு வயதுப் பையன்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? துரத்தினார்கள், எட்டிப் பிடிக்க முடியவில்லை. விஸ் 2002இன் இறுதியில் அமெரிக்க ‘ஷோனென் ஜம்ப்’ என்று மாத இதழ் ஒன்றையும் தொடங்கியிருந்தது. முன்பாதியைக் கொண்டுவரும் முயற்சிதான் அது. ஆனால் ஜப்பானில் ஆறிப்போன கதையை மாதத்துக்கு ஒருமுறை பரிமாறியது. புதிய அத்தியாயம் என்ற சூடு அதில் இல்லை.

சரிவு 2008க்குப் பிறகு. பொருளாதார நெருக்கடி, கடைகளில் தேங்கிய பிரதிகள், இணையத்தில் இலவசம் மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. 2009இல் ஜப்பானியப் பதிப்பகமான கோடன்ஷா தன் தொடர்களின் உரிமத்தை டோக்கியோபாப்புக்குப் புதுப்பிக்க மறுத்தது. 2010 மே மாதம் விஸ் தன் ஊழியர்களில் ஐந்தில் இரண்டு பங்கை வீட்டுக்கு அனுப்பியது. 2011இல் பார்டர்ஸ் திவாலாகி மூடியது, டோக்கியோபாப்பின் அமெரிக்கப் பதிப்பு வேலையும் அந்த ஆண்டு மே மாதத்தோடு நின்றது. விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடு வளர்ச்சியில் தேனாக இருந்தது. தளர்ச்சியில் அதே ஏற்பாட்டால் பிரதிகள் மூட்டை மூட்டையாகப் பதிப்பாளர் கிடங்குக்கே திரும்பி வந்தன.

பழி முழுவதும் திருட்டுப் பதிப்பின் மேல் விழுந்தது. 2010இல் ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்பகங்கள் கூட்டணி அமைத்து எச்சரித்தன. மிகப் பெரிய தளங்களில் ஒன்றான ஒன்மங்கா ஜூலையில் பக்கங்களை எடுத்துவிட்டது. வாசகர்கள் அடுத்த தளத்துக்கு நகர்ந்தார்கள். ஜப்பானியப் பதிப்பகங்கள் பல சேர்ந்து 2011இல் ஜேமங்கா என்ற சட்டபூர்வமான தளத்தைத் திறந்தன. இரண்டே ஆண்டில் அதை மூடவும் செய்தன. காசு கட்டி வாங்கிய புத்தகங்களை 2013 மே மாதத்துக்குப் பிறகு வாங்கியவர்களாலும் திறக்க முடியவில்லை. திருட்டுத் தளத்தில் படித்தவனுக்கு அன்று ஒரு நஷ்டமும் இல்லை. நேர்மையாக வாங்கியவன்தான் ஏமாந்தான். மங்கா வாசகர்களில் ஒரு சாரார் இன்றைக்கும் கையில் பிடிக்கிற புத்தகத்தையே நம்புவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. 2012இல் விஸ் அச்சு மாத இதழை நிறுத்திவிட்டு மின்னிதழுக்கு மாறியது. முதலில் ஜப்பானுக்குச் சில வாரம் பின்தங்கியும், 2013 முதல் அதே நாளிலும் வெளியிட்டது. 2013இல் கோடன்ஷா ‘அட்டாக் ஆன் டைட்டன்’ போன்றவற்றைக் கிரஞ்சிரோல் தளம் வழியாக ஜப்பானோடு சேர்த்தே வெளியிட்டது. பெரிய திருப்பம் 2018 டிசம்பரில் வந்தது. விஸ் தன் ஷோனென் ஜம்ப் தொடர்களின் புதிய அத்தியாயங்களை இலவசமாகத் திறந்துவிட்டது. பழையவற்றைப் படிக்க அப்போது மாதம் 1 டாலர் 99 சென்ட். ஒரு வால்யூமின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தச் சேவை கிடைத்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. அடுத்த மாதமே, 2019 ஜனவரி 28 அன்று, ஷூயெய்ஷா மங்கா பிளஸ் செயலியைத் தொடங்கியது. முதல் மூன்று, கடைசி மூன்று அத்தியாயங்கள் இலவசம்.

இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜப்பானில் ஐம்பது ஆண்டு நடந்ததை அப்போதுதான் வெளிநாட்டுக்கும் நீட்டினார்கள். சாணித்தாள் இதழின் இடத்தில் செயலி. புத்தகத்தின் இடத்தில் புத்தகம். நடுவில் ரசிகர்கள் பார்த்த வேலையைப் பதிப்பகமே எடுத்துக்கொண்டது. பிறகு 2022 வரை வந்த ஆண்டுகளில் புத்தக விற்பனை சரியவில்லை, ஏறியது. அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன்களின் ஒளிபரப்பும், வீட்டில் அடைந்து கிடந்த 2020, 2021ஆம் ஆண்டுகளும் அதில் பெரும்பங்கு வகித்தன என்பதை மறுக்கவில்லை. 2021இல் பிரபலத் தொடர்களின் முதல் வால்யூம் கடைகளில் கிடைக்காமல், அச்சகங்களில் முறை வைத்துக் காத்திருந்தார்கள். இலவசம் புத்தகத்தைக் கொல்லவில்லை என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

பழைய எதிரி முற்றாக ஒழியவுமில்லை. இதழ் திங்கட்கிழமை விற்பனைக்கு வர வேண்டுமென்றால் சில நாள் முன்னதாகவே லாரியில் ஏற வேண்டும். வழியில் யாராவது ஒருவர் பிரித்துப் படமெடுத்தால், வியாழன் வெள்ளியிலேயே இணையத்தில் வந்துவிடும். 2015இல் கியோட்டோ காவல்துறை ‘ஒன் பீஸ்’ பக்கங்களை முன்கூட்டி ஏற்றிய கூட்டத்தைப் பிடித்தது. 2024 பிப்ரவரியிலும் இதே போன்ற கைதுகள் நடந்தன. சட்டபூர்வமான இலவசத்துக்கும் மூன்று நாள் காத்திருக்க மனமில்லாத வாசகன் இருக்கிறான். அவனுக்காக யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரே நாளில் வெளியிடுவதன் சுமை விழுகிற இடம் மொழிபெயர்ப்பாளரின் மேசை. மூலப்பக்கங்கள் கைக்கு வந்து சில நாளில் முடித்தாக வேண்டும். ஜப்பானிய மொழியில் எழுவாயைச் சொல்லாமலே பேசிவிடலாம். முகமூடிக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைக் கதாசிரியர் ஆறு மாதம் மறைத்துவைத்திருப்பார். மொழிபெயர்ப்பாளருக்கும் தெரியாது, இந்த வாரமே ஏதாவது எழுதியாக வேண்டும். தவறினால் புத்தகப் பதிப்பில் திருத்துவார்கள். வாரப் பதிப்பையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வசனங்கள் மாறியிருப்பதைக் காணலாம். இவர்களில் பெரும்பாலோர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தனிப்பணியாளர்கள். புத்தகம் பத்து லட்சம் விற்றாலும் பங்கு கிடையாது.

எழுத்துப் பொருத்துபவர் வேலை இன்னும் நுணுக்கம். ஜப்பானிய மொழியை மேலிருந்து கீழாக எழுதுவதால் பேச்சுக்குமிழ்கள் உயரமாக, ஒல்லியாக இருக்கும். அதில் கிடைமட்டமாக ஓடும் ஆங்கிலத்தை நுழைக்க வேண்டும். வரிக்கு ஒரு சொல், இரண்டு சொல். நீளமான சொல் வந்தால் உடைக்க வேண்டும், அல்லது எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் வசனத்தையே மாற்றச் சொல்லி மொழிபெயர்ப்பாளருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் நம் மொழியை அந்தக் குமிழுக்குள் உட்காரவைக்கப் போகிறவரை நினைத்தால் இப்போதே பாவமாக இருக்கிறது. படத்தோடு பின்னிப் பிணைந்த ஒலிக்குறிகள் வேறு. மழைச் சத்தமும் கதவு அறையும் சத்தமும் ஓவியத்தின் பகுதியாகவே வரையப்பட்டிருக்கும். சில பதிப்பகங்கள் அதை அழித்து, பின்னணியை மறுபடி வரைந்து, புதிய எழுத்தைத் தீட்டும். சில, மூலத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் சின்னதாகப் பொருள் போடும். இரண்டாவதில் செலவு குறைவு, மூல ஓவியமும் கெடாது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஆனால் பரபரப்பான சண்டைக் காட்சியில் பொடி எழுத்தைத் தேடுவது எரிச்சல்தான்.

உரிமம் பெறுவதே தனி வைபவம். ஜப்பானியப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ன மொழி, இன்ன நிலப்பரப்பு, இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தம். விற்றாலும் விற்காவிட்டாலும் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அதற்குமேல் விற்பனையில் சதவீதம். அட்டை, தலைப்பெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்பந்தம் தீர்ந்தால் புத்தகம் சந்தையிலிருந்தே மறையும். ‘செய்லர் மூன்’ ஆங்கிலத்தில் இப்படிப் பல ஆண்டு கிடைக்காமல் போய், 2011இல் கோடன்ஷாவின் அமெரிக்கக் கிளை புதிய மொழிபெயர்ப்போடு திரும்பக் கொண்டுவந்தது. போகப் போக ஜப்பானியரே நேரடியாகக் கடை விரித்துவிட்டார்கள். விஸ் முழுக்க ஷோகாகுகன், ஷூயெய்ஷா குடும்பத்தின் சொத்து. யென் பிரஸ் நிறுவனத்தில் 2016 முதல் பெரும்பங்கு ஜப்பானின் கடோகவா பதிப்பகத்துடையது. வெளியாருக்குக் கிடைப்பது இவர்கள் கழித்துவிட்ட தொடர்கள், அல்லது சிறிய ஜப்பானியப் பதிப்பகங்களின் தொடர்கள். 2004இல் தொடங்கிய செவன் சீஸ் நிறுவனம் அதிலும் நன்றாகவே வளர்ந்துகாட்டியது.

விற்பனைக் கணக்கில் எல்லாவற்றையும் முடிவுசெய்வது முதல் வால்யூம். பத்தாயிரம் பேர் முதலாவதை வாங்கினால் இரண்டாவதை அவ்வளவு பேர் வாங்க மாட்டார்கள், எட்டாவதை அதிலும் கொஞ்சம் பேர்தான். ஆனால் எட்டாவது வரும் நாளில் முதலாவது கடையில் இல்லையென்றால் புதிதாக ஒருவரும் உள்ளே நுழைய மாட்டார். எனவே ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் எல்லா வால்யூமும் எப்போதும் அலமாரியில் இருக்க வேண்டும். நூறு வால்யூம் தாண்டிய ‘ஒன் பீஸ்’ ஒன்றே ஓர் அலமாரியைத் தின்றுவிடும். மூன்றை ஒன்றாகக் கட்டிய தடிமன் பதிப்புகள், மொத்தத் தொடருக்கும் பெட்டிப் பதிப்பு எல்லாம் இந்த இடநெருக்கடியில் பிறந்தவை. நடுத்தரமாக விற்கிற தொடர்தான் நசுங்குகிறது. பாதியில் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, முடியட்டும், பிறகு வாங்கலாம் என்று வாசகர் தள்ளிப்போடுகிறார். அப்படிப் பலர் தள்ளிப்போட்டதாலேயே ஐந்தாம் வால்யூமோடு நிறுத்திவிடுகிறார்கள். வார அத்தியாயம் இலவசமாகக் கிடைக்கும் ஏற்பாடும் இந்தத் தொடர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. அவற்றுக்கு இன்றும் ஸ்கேன்லேஷன்தான் வழி.

பிரான்ஸில் இந்தக் கணக்கு வேறு மாதிரி விழுந்தது. 1987இல் தொடங்கிய ‘கிளப் தொரோத்தே’ என்ற சிறுவர் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஜப்பானியக் கார்ட்டூன்களைக் கொட்டியது. ஒரு தலைமுறையே ‘டிராகன் பால்’ பார்த்து வளர்ந்தபின், 1993இல் க்ளெனா பதிப்பகம் புத்தகத்தை இறக்கியது. 48 பக்கக் கெட்டி அட்டை வண்ண காமிக்ஸ் வாங்கும் காசில் பாதிக்கு 200 பக்க மங்கா கிடைக்கும். புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்ற 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் தெருமுனைப் புத்தகக் கடைகள் உயிரோடு இருந்தன. போதாக்குறைக்கு 2021இல் அரசு 18 வயதானவர்களுக்குக் கலை, பண்பாட்டுச் செலவுக்கு 300 யூரோ கொடுத்தது. பிள்ளைகள் நாடகத்துக்குப் போவார்கள் என்று அமைச்சகம் கனவு கண்டிருக்கலாம். அவர்கள் நேராகப் போய் மங்கா வாங்கினார்கள். 2025இல் தொகையைப் பாதியாக்கிவிட்டார்கள்.

இப்போது எல்லோரும் பார்ப்பது இயந்திரத்தை. ஆரஞ்சு என்ற ஜப்பானிய நிறுவனம் 2024இல் அரசு சார்ந்த முதலீட்டு அமைப்பு, ஷோகாகுகன் உள்ளிட்டோரிடம் 292 கோடி யென் திரட்டியது. ஐந்தாண்டில் ஐம்பதாயிரம் மங்கா புத்தகங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஆங்கிலமாக்குவது இலக்கு. கதையின் குரலையும் சூழலையும் இயந்திரம் பிடிக்காது என்று ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் சங்கம் எதிர்ப்பு அறிக்கை விட்டது. ஜப்பானில் வெளிவருவதில் சிறு பங்குதான் மொழிபெயர்க்கப்படுகிறது என்று நிறுவனம் சொல்வது சரியே. ஆனால் மீதி வெளிவராமல் இருப்பதற்கு மொழிபெயர்ப்புக் கூலி மட்டுமா காரணம்? அலமாரியில் இடமில்லாததும், வாசகரின் பொழுது போதாததும் எந்தக் கணினியாலும் தீராது.

ஆசியாவில் நடந்ததை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். வியட்நாமில் கிம் தோங் பதிப்பகம் 1992இல் ‘டோரேமான்’ புத்தகங்களை உரிமம் இல்லாமலே வெளியிட்டது. மலிவு விலை, பிரம்மாண்ட விற்பனை. பிறகு பதிப்பகத்தார் முறைப்படுத்த முன்வந்தபோது, ஓவியர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ தனக்குச் சேர வேண்டிய தொகையை வியட்நாமியப் பிள்ளைகளின் கல்வி உதவி நிதிக்கே விட்டுவிட்டார். இந்தோனேசியாவில் கிராமீடியா குழுமத்தின் எலெக்ஸ் மீடியா பல ஆண்டுகளாக உள்ளூர் மொழியில் மங்கா போட்டுவருகிறது. தாய்லாந்திலும் கதை ஏறக்குறைய இதேதான். இன்று மங்கா பிளஸ் செயலியில் தாய், இந்தோனேசியம், வியட்நாமியம் மூன்றும் இருப்பது தற்செயல் அல்ல. அந்த மொழிகளில் காசு கொடுத்து வால்யூம் வாங்கும் பழக்கம் முப்பது ஆண்டுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. செயலி இலவசமாகத் தருவதற்கு அங்கே ஒரு பின்பாதி காத்திருக்கிறது.

இந்திய மொழி ஒன்றுகூட அந்தச் செயலியில் இல்லை. இந்தியில் ‘பேர்ஃபுட் ஜென்’ வந்திருக்கிறது. டோமோகோ கிக்குச்சி மொழிபெயர்த்தார். அது இலக்கிய முயற்சி, வணிகத் தொடர் அல்ல. சென்னைக் கடைகளில் இன்று அலமாரி நிறைய மங்கா இருக்கிறது, கண்ணில் படுவதெல்லாம் ஆங்கிலம்தான். வால்யூம் ஐந்நூறு ரூபாய்ப் பக்கம் வருகிறது. நடைபாதையில் மங்கலான நகல் அச்சு அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. மறுபக்கம், ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ 2025 செப்டம்பரில் திரையரங்குகளுக்குத் தமிழ் பேசிக்கொண்டே வந்தது. பிரான்ஸில் டிராகன் பால் தொலைக்காட்சிக்கு வந்தபோது இருந்த நிலைமைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

தமிழில் அயல்நாட்டு காமிக்ஸை உரிமம் வாங்கிப் போடும் அனுபவம் இல்லாமல் இல்லை. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியில் தொடங்கி, இரும்புக்கை மாயாவியிலிருந்து டெக்ஸ் வில்லர் வரை கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. ஆண்டுச் சந்தாவை முன்கூட்டி வாங்கி அதற்கேற்ப அச்சடிக்கும் முறை அங்கே செல்லுபடியாகிறது. ஆனால் ஐரோப்பிய காமிக்ஸின் ஒரு கதை ஓரிரு ஆல்பத்தில் முடிந்துவிடும். ‘டீமன் ஸ்லேயர்’ 23 வால்யூம், ஜப்பானியக் கணக்கில் அது நடுத்தர நீளம்தான். மாதம் ஒன்று என்று வைத்தாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். அவ்வளவு காலமும் முதல் வால்யூம் தீரத் தீர மறு அச்சுப் போட வேண்டும், அதற்கான காகிதச் செலவைச் சந்தா கட்டியவர்கள் தலையில் ஏற்றவும் முடியாது. அந்த முதல் வால்யூமைத் தமிழில் தேடி வரப்போகிற பிள்ளையோ, கதையைப் பெரும்பாலும் அனிமேயில் பார்த்து முடித்திருக்கும்.